மெத்தென்ற, எடை குறைந்த ஷூ: நியூட்ரல் ஓட்டக்காரர் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 38, எடை 70 கிலோ. சென்னையில் வாரத்துக்கு 30 கி.மீ. வரை ஓடுகிறார், அரை மாரத்தானுக்கு (21 கி.மீ.) தயாராகிறார். கடையில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, பின்னாலிருந்து வீடியோ எடுத்து, "உங்களுக்கு நியூட்ரல் பாதம்" என்று சொல்லி ஹோகா நிறுவனத்தின் கிளிஃப்டன் ஷூவைக் காட்டியிருக்கிறார்கள். இப்போது போட்டு ஓடுவது 310 கிராம் ஷூ. அதில் வலி எதுவும் இல்லை. "புதுசு மெத்தென்று இருக்கிறது, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். இது நல்ல ஷூதானா என்று எப்படி முடிவு செய்வது?"

கடையில் சொன்ன மூன்றும் (நியூட்ரல், மெத்து, எடை குறைவு) பொய் இல்லை. ஆனால் அந்த மூன்றை வைத்து ஷூவை மதிப்பிட முடியாது. மெத்து கூடினால் ஃபோம் கூடும், ஃபோம் கூடினால் எடை கூட வேண்டும். கூடவில்லை என்றால் வேறெங்கோ எதையோ குறைத்திருக்கிறார்கள். எதைக் குறைத்தார்கள், அது உங்களுக்குத் தேவையானதா என்று பார்ப்பதுதான் இந்த வகை ஷூவை மதிப்பிடும் வேலையில் பெரும்பகுதி.

அதற்கு முன் நியூட்ரல் விஷயத்தை முடித்துவிடுவோம். ஓடும்போது பாதம் பெரும்பாலும் வெளி விளிம்பில் இறங்கி உள்பக்கமாகச் சாயும். இதுதான் புரோனேஷன். எல்லோருக்கும் நடப்பது, நோய் இல்லை. ஸ்டெபிலிட்டி ஷூவில் இந்தச் சாய்வைத் தடுக்க உள்பக்கம் கெட்டியான ஃபோமோ வேறு ஏதாவது தாங்கலோ வைப்பார்கள். அது இல்லாத ஷூதான் நியூட்ரல் ஷூ. பாதத்தின் சாய்வைப் பார்த்து ஷூவைக் கொடுத்தால் காயம் குறையும் என்ற நம்பிக்கை பல ஆண்டுகள் கடைகளை ஆண்டது. சோதித்துப் பார்த்தபோது அது அவ்வளவாக நிற்கவில்லை. டென்மார்க்கில் ஓடப் பழகாத 927 பேருக்கு, பாதம் எப்படி இருந்தாலும், ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014-இல் வெளியான முடிவு: பாதம் உள்பக்கம் சாய்ந்தவர்கள் அதற்காகக் கூடுதலாக அடிபடவில்லை. அமெரிக்க ராணுவமும் பயிற்சி வீரர்களுக்கு உள்ளங்கால் வடிவம் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தது. எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்ததைவிடப் பெரிய பலன் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், பாத வகை பார்த்து ஷூ பரிந்துரைப்பதால் காயத்தில் வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பு குறைவு என்றே சொன்னது.

மறுபக்கமும் உண்டு. லக்சம்பர்க்கில் 372 பேரிடம் நடந்த ஆய்வு (2016) ஒன்றில், பாதம் நன்றாக உள்பக்கம் சாய்பவர்களுக்குத் தாங்கல் வைத்த ஷூவில் காயம் குறைவாக இருந்தது. ஆகவே தாங்கல் ஷூவே வெட்டி வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வலி இல்லாமல் வாரத்துக்கு 30 கி.மீ. ஓடும் ஒருவரின் பாதத்தை இரண்டு நிமிட வீடியோவில் பார்த்துத் தீர்ப்பெழுத வேண்டிய தேவை இல்லை. உங்களுக்கு நியூட்ரல் ஷூ போதும். அந்த வீடியோ எடுக்காமல் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இனி கிளிஃப்டன். எதை எடுத்து எடையைக் குறைத்தார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ஹோகா 2009-இல் பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில், அன்னெசியில் தொடங்கிய நிறுவனம். தொடங்கிய நிக்கோலா மெர்மூ, ஜான்-லுக் தியார் இருவரும் சலோமோன் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். மலையிறக்கத்தில் கால் அடிபடாமல் வேகமாக இறங்குவதற்காக, அந்தக் காலத்து ஷூக்களைப்போல இரண்டு மடங்கு ஃபோம் வைத்துத் தைத்தார்கள். உலகம் அப்போது நேரெதிர் திசையில் போய்க்கொண்டிருந்தது. வெறுங்கால் ஓட்டம், ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும் விப்ரம் ஷூ, எல்லாம் மெல்லிசு. ஹோகாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. 2014-இல் விப்ரம் நிறுவனம், தன் ஷூ உடலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து முடித்தது. அதே ஆண்டில்தான் முதல் கிளிஃப்டன் வந்தது.

அது ஏன் பேசப்பட்டது என்றால், தடித்த அடிப்பாகத்தோடு ஒரு ஷூ சுமார் 220 கிராம்தான் இருந்தது. அன்று அன்றாட ஓட்டத்துக்கான சாதாரண ஷூக்கள் 280, 300 கிராம் இருந்தன. குதிகாலில் 29 மி.மீ., முன்பாதத்தில் 24 மி.மீ. என்பது அறிவித்த உயரம். இன்றைக்கு இது சாதாரணம், அன்றைக்கு மலை.

எடை எங்கே போயிற்று? அடியில் ரப்பரை முழுக்க ஒட்டாமல் தேய்மானம் அதிகமுள்ள இடங்களில் மட்டும் துண்டு துண்டாக வைத்தார்கள். மீதி இடத்தில் ஃபோமே நேராகத் தரையைத் தொட்டது. நாக்குப் பகுதியில் பஞ்சு இல்லை, மேல்துணி மெல்லிசு, மிட்சோல் (பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவிலுள்ள மெத்து அடுக்கு) அடர்த்தி குறைந்த இ.வி.ஏ. வகை ஃபோம். வாங்கியவர்கள் கொண்டாடினார்கள், கூடவே புகார்களும் வந்தன. லேஸ் மேல்பாதத்தை அழுத்துகிறது, விரல்பக்கம் குறுகல், அடி சீக்கிரம் தேய்கிறது. இரண்டாம் பதிப்பில் நாக்குக்குப் பஞ்சு வந்தது, மூன்றில் விரல்பக்கம் கொஞ்சம் விரிந்தது, நான்கில் எடை கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. இப்போது புகார் திரும்பியது: முதல் கிளிஃப்டனின் மெத்து எங்கே? 2023-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் 3 மி.மீ. உயரத்தைக் கூட்டியும் எடையை 250 கிராமுக்குள் வைத்தார்கள். 2025-இல் வந்த பத்தாம் பதிப்பில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்குமான உயர வித்தியாசம், அதாவது டிராப், 5 மி.மீ.யிலிருந்து 8 ஆனது; எடையும் மீண்டும் ஏறியது.

ஒரே பெயர், பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள், பல வேறு ஷூக்கள். அதனால் "கிளிஃப்டன் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். நண்பர் ஒருவர் ஏழாம் பதிப்பைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை பத்தாம் பதிப்புக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. ப்ரூக்ஸ் கோஸ்ட், நைக்கி பெகாசஸ், அசிக்ஸ் நோவாபிளாஸ்ட், சாக்கனி ரைட் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான்.

எடை குறைவதால் உண்மையில் என்ன கிடைக்கும்? ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆக்சிஜன் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களுக்குத் தெரியாமல் ஷூவுக்குள் ஈயக் குண்டுகளை வைத்து 3,000 மீட்டர் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 100 கிராமுக்கு 0.78 சதவீதம் மெதுவானார்கள். உங்கள் கணக்குக்கு வருவோம். 310 கிராமிலிருந்து 250-க்கு வந்தால் 60 கிராம் மிச்சம். அரை மாரத்தானை 2 மணி 15 நிமிடத்தில் முடிப்பவருக்குத் தோராயமாக 40 விநாடி. இது ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்கும் குறைவான லாபத்துக்காகப் பாதத்துக்குப் பொருந்தாத ஷூவை வாங்கினால், அதைவிடப் பெரிய நேரத்தைக் கொப்புளத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிவிக்கப்படும் எடை பெரும்பாலும் ஆண்களுக்கான அமெரிக்க 9 அளவில், ஒற்றை ஷூவுக்கு. உங்கள் பாதம் பெரிது என்றால் எடையும் கூடும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஜூன் மாதத்துச் சென்னைக் காலையில் பத்து கி.மீ. ஓடி முடித்தவுடன் ஷூவைக் கழற்றி எடை போட்டுப் பாருங்கள். வியர்வை சாக்ஸ் வழியாக இறங்கி, பஞ்சு வைத்த நாக்கிலும் கழுத்துப் பட்டையிலும் ஊறியிருக்கும். பெட்டியில் போட்ட எண் அங்கே செல்லாது. அதனால் இந்த ஊரில் ஓடுபவர் மேல்துணியையும் எடைக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சு குறைந்த, காற்றோட்டமான வலைத்துணி உள்ள ஷூ, பெட்டியில் பத்து கிராம் கூடுதலாக இருந்தாலும் ஓட்டத்தின் கடைசியில் எடை குறைவாக இருக்கலாம்.

மெத்துக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் வழுக்குவது, ஏனென்றால் நின்று பார்த்தால் தெரியும் மெத்து வேறு, ஓடும்போது கிடைக்கும் மெத்து வேறு. கடையில் நிற்கும்போது ஒரு காலில் உடலெடையில் பாதிதான் இறங்குகிறது. ஓடும்போது ஒற்றைக் காலில் உடலெடையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு விசை வருகிறது. நிற்கும்போது சுகமாக அமுங்கும் ஃபோம், ஓடும்போது முழுக்க நசுங்கி அடித்தட்டில் முட்டலாம். நிற்கும்போது கொஞ்சம் கெட்டியாகத் தெரிவது ஓட்டத்தில் சரியாக இருக்கலாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "சூப்பர் குஷன்" என்பதெல்லாம் வாங்க வைப்பதற்கான பேச்சு.

மெத்து கூடினால் காலில் விழும் அடி குறையும் என்பதும் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. பின்லாந்து ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேரை ஹோகாவின் தடித்த ஷூவிலும் சாதாரண ஷூவிலும் ஓடவிட்டு அளந்தார்கள். மணிக்கு 14.5 கி.மீ. வேகத்தில், தடித்த ஷூவில்தான் தரைமோதல் உச்சம் சுமார் 10 சதவீதம் கூடுதலாக இருந்தது. அடியில் மெத்து இருக்கிறது என்றால் உடல் காலை விறைப்பாக்கிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதற்காகக் கெட்டி ஷூதான் நல்லது என்று ஓடிவிட வேண்டாம். லக்சம்பர்க்கில் 848 பேருக்கு, வெளித்தோற்றத்தில் ஒன்றாகவும் ஃபோமில் மட்டும் வேறாகவும் இருந்த ஷூக்களைக் கொடுத்து நடத்திய ஆய்வில் (2020), கெட்டி ஷூ போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு: மெத்தின் பலன் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம். எடை கூடியவர்களிடம் வித்தியாசம் உறுதிப்படவில்லை. "கொஞ்சம் கனமான உடம்பு, மெத்து ஷூ எடுங்க" என்று கடையில் சொல்லும் அறிவுரையை இது தலைகீழாக்குகிறது.

ஆக, மெத்து நல்லதுதான், எல்லையோடு. அந்த எல்லை எதில் தெரியும் என்றால் ஆட்டத்தில். உயரமான, இளகிய ஃபோமின் மேல் பாதம் நின்றால் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தைச் சமாளிக்கும் வேலை கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் போகிறது. ஐந்தாவது கி.மீ.யில் தெரியாது, பதினெட்டாவதில் தெரியும். நல்ல வடிவமைப்பு இதை மூன்று வழியில் கட்டுப்படுத்துகிறது: அடிப்பாகத்தை அகலமாக்குவது, ஃபோமைப் பக்கவாட்டில் சுவர்போல உயர்த்தி, அகலக் கிண்ணத்துக்குள் வைத்ததுபோலப் பாதத்தை உள்ளே இறக்குவது, முன்பக்கத்தை வளைத்து உருளவிடுவது. ஹோகாவில் மூன்றும் உண்டு. வெளியே இருந்து பார்க்கும்போது தெரியும் ஃபோம் உயரம் முழுதும் உங்கள் காலுக்கடியில் இல்லை. ஒரு பகுதி பக்கச் சுவர்.

ஃபோம் வகையைப் பற்றிச் சுருக்கமாக. இ.வி.ஏ. பழையது, மலிவு, எடை குறைவு, நாளாவட்டத்தில் அமுங்கிவிடும். அடிடாஸ் 2013-இல் பூஸ்ட் என்று கொண்டுவந்த டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் மணிகள் துள்ளலும் உழைப்பும் கொண்டவை, ஆனால் கனம். நைக்கி 2017-இல் வேப்பர்ஃபிளை பந்தய ஷூவில் வைத்த பெபா என்ற ஃபோம் வகை மிகவும் எடை குறைவு, துள்ளல் அதிகம், விலையும் அதிகம். அன்றாட ஓட்டத்துக்கு நல்ல இ.வி.ஏ. அல்லது அதன் கலவை போதும். ஃபோமின் பெயரைக் கேட்டு விலை கொடுக்காதீர்கள்.

கடையில் என்ன செய்யலாம்? மாலையில் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். சிறுவிரலோ பெருவிரல் மேடோ ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். கடைக்காரர் "போடப் போட விரியும்" என்பார். துணி விரியும், அடி விரியாது. நம்மில் பலர் செருப்பிலேயே வளர்ந்தவர்கள், விரல்கள் விரிந்த பாதம். ஹோகாவில் அகல அளவு தனியாக உண்டு, இருக்கிறதா என்று கேளுங்கள். நீளத்துக்கு, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அளவு எண்ணை நம்ப வேண்டாம்: பெரும்பாலான நிறுவனங்களில் ஆண்களுக்கான பிரிட்டிஷ் 8 என்பது அமெரிக்க 9, அடிடாஸில் அது 8.5. பெட்டியில் சென்டிமீட்டர் போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

பிறகு ஒற்றைக் காலில் நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். உங்கள் பழைய ஷூவில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை. புதியதில் கணுக்கால் அதிகம் நடுங்கினால், அந்த மெத்துக்கு நீங்கள் இருபதாவது கி.மீ.யில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்து, ஓடிப் பாருங்கள். நடந்து பார்ப்பது போதாது. ஓட இடம் தராத கடையில் பத்தாயிரம் ரூபாய் ஷூ வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஓடும்போது கவனிக்க வேண்டியது: குதிகால் உள்ளே தூக்குகிறதா, உள்வளைவில் எங்காவது குத்துகிறதா, அல்லது ஷூ இருப்பதே மறந்துபோகிறதா. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்து பென்னோ நிக், பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு 2015-இல் முன்வைத்தது கிட்டத்தட்ட இதைத்தான். காலுக்கு இதமாகத் தோன்றும் ஷூவைத் தேர்ந்தெடுப்பது, அளவுகோல்களை வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிடக் காயத்தைத் தவிர்க்கச் சிறந்த வழியாக இருக்கலாம் என்றார்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஃபோம் நேராகத் தரையில் படும் இடம் எவ்வளவு, அந்த இடம் நீங்கள் தேய்க்கும் இடமா? பழைய ஷூவின் அடி இதைச் சொல்லிவிடும். பின் வெளிமூலையில் தேய்ப்பவர் என்றால் அங்கே ரப்பர் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நடைபாதை டைல்ஸ், பாலிஷ் போட்ட கல், பெயின்ட் அடித்த கோடுகள் மேல் ஓட வேண்டியிருந்தால், ரப்பர் குறைந்த அடி வழுக்கும். இதுவும் எடையைக் குறைக்க எடுத்ததில் சேர்ந்ததுதான்.

டிராப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். இப்போது போடுவது 10 அல்லது 12 மி.மீ. டிராப் ஷூவாக இருந்து, 5 மி.மீ. கிளிஃப்டன் ஒன்பதுக்கு மாறினால் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் கூடுதலாக இழுபடும். பத்தாம் பதிப்பில் 8 மி.மீ. என்பதால் இந்த மாற்றம் சிறிதாக இருக்கும். குதிகால் தசைநாணில் முன்பு வலி வந்தவர் என்றால் எடை கொஞ்சம் கூடினாலும் பத்தாம் பதிப்பையே சொல்வேன்.

உங்களுக்கு என் தீர்ப்பு: வலி இல்லாத பழைய ஷூவைத் தூக்கி எறிய வேண்டாம். இன்சோல் சோதனையிலும் ஒற்றைக் கால் சோதனையிலும் தேறினால் கிளிஃப்டனை இரண்டாவது ஷூவாக வாங்குங்கள். வாரத்தில் இரண்டு குறுகிய ஓட்டத்தில் தொடங்கி, ஒரு மாதம் கழித்து நீண்ட ஓட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது என்று 264 பேரிடம் நடந்த ஆய்வு (2015) ஒன்று சொல்கிறது. அதில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம், ஆனாலும் கால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடிபடாமல் இருப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அகலத்தில் தேறவில்லை என்றால் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் பாதிக்கு டெகாத்லானில் கிப்ரன் வகையை முதலில் போட்டுப் பாருங்கள். அன்றாட ஓட்டத்துக்கு அது குறைவான ஷூ இல்லை.

எத்தனை கி.மீ. உழைக்கும் என்பதற்கு 500 முதல் 800 என்று பொதுவாகச் சொல்வார்கள். அடியில் ஃபோம் திறந்திருக்கும் இந்த வகைக்கு நான் கீழெண்ணுக்குப் பக்கமாக, 600 என்றே கணக்கில் வைப்பேன். 600 கி.மீ. உழைக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூ என்றால் கி.மீ.க்கு 20 ரூபாய். பாதி விலையில் அதே தூரம் உழைக்கும் ஷூ என்றால் 10 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். முந்தைய பதிப்பு தள்ளுபடியில் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் நாக்கின் உள்பக்க லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா பாருங்கள். சில ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்த ஃபோம் போடாமலே கெட்டிப்பட்டிருக்கலாம். வாங்கிய பிறகு வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். இ.வி.ஏ. சூட்டில் சுருங்கும், சரியாக இருந்த அளவு குறைந்துபோகலாம்.